ஏழுடல் நாட்டை எழுதியவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சொல்லக்கூடாத இடத்தில் ஒரு முறை அந்தப் பெயரைச் சொன்னவள் நான். அந்த ஒரு முறையே இந்த ஜென்மத்துக்குப் போதும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூப்பிட்ட மாதிரி மிஸ் என்றே சொல்லிவிடுகிறேன்.

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில், ரயில் போகிற சத்தம் வகுப்பறை வரைக்கும் கேட்கிற ஒரு தனியார் பள்ளி. அதன் அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மிஸ் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் எடுப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சரியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கு ஒரு வயது என்று கிடையாது. துணை முதல்வர் கலாவதி மேடம் எதிரில் நிற்கும்போது தோள் இரண்டும் உள்ளே போய், குரல் மெலிந்து, நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்த பெண் போல ஆகிவிடுவார். ஏழாம் வகுப்பு பி பிரிவுக்குள் நுழைந்தால் அதே ஆள் கட்டடமே அதிரக் கத்துவார். கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் பேசினால், மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கரையேற்றிய பெரியம்மா மாதிரி இருக்கும். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஒரு நாள் காலை பிரேயர் முடிவதற்குள் ஒரு அப்பா குடித்துவிட்டு வந்து, பெண்ணை ஏன் பெயிலாக்கினீர்கள் என்று கேட் பக்கத்தில் நின்று கத்தினார். வாட்ச்மேன் பயந்துபோய் ஒதுங்கிவிட்டார். தமிழ் சார் இரண்டு அடி முன்னால் போய் மூன்று அடி பின்னால் வந்தார். மிஸ் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகப் போனார். "இன்னாண்ணா, காலங்காத்தால கொயந்தைங்க எதிர்ல கூவிக்கினு கீற? உம் பொண்ணு பாத்துக்கினு கீது, தெர்தா?" என்றார். நான் அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சை அதுவரை கேட்டதே இல்லை. அந்த ஆள் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். மிஸ் தலைப்பை எடுத்துவிட்டு வந்து, "டீச்சர்ஸ், ஷால் வீ கோ டு த கிளாஸ்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இதில் எதுதான் மிஸ் நீங்க என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். எல்லாமே நான்தான், எது தேவையோ அது வெளியே வரும் என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. நான் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிற ஜாதி. கோபம் வந்தால் நெற்றியில் தெரியும், பொய் சொன்னால் காது சிவக்கும்.

அவர் கதை எழுதுகிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். செல்போனில் தொடர்கதை படிக்கிற ஒரு செயலியில், ஆண் பெயர் ஒன்றைப் புனைபெயராக வைத்துக்கொண்டு, 'ஏழுடல் நாடு' என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த நாட்டு அரச குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏழு உடல்கள். நினைத்தபோது நினைத்த உடலுக்கு மாறலாம். சிம்மாசனத்துக்கு அடியில் தூங்கும் பூனை ராஜாவாக இருக்கலாம், சமையற்கட்டு ஜன்னலில் உட்காரும் காக்கை பட்டத்தரசியாக இருக்கலாம். அதனால் அந்த அரண்மனையில் யாரும் யாரிடமும் எதையும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூம் அப்படியே. அங்கே யார் என்ன சொன்னாலும் அரை மணி நேரத்தில் மேடம் காதுக்குப் போய்விடும். யார் கொண்டுபோகிறார்கள் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸுக்கு உட்கார்ந்து எழுத வராது. வாயால் சொல்லத்தான் வரும். பம்மலிலிருந்து பல்லாவரம் ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோவில் வரும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு எனக்குக் கதையை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஏதோ குடும்ப விஷயம் என்று தோன்றும். ராணிக்கு விஷம் வைத்த அத்தியாயத்தைச் சொல்லி முடித்தபோது, எதிர் சீட்டு அம்மா ஒருவர், "இப்ப எந்த ஆஸ்பத்திரில வெச்சிக்கினு கீறாங்க?" என்று பதறிப்போய்க் கேட்டதும் அந்த மெசேஜிலேயே பதிவாகியிருந்தது. மிஸ் சிரிக்கவில்லை. பொழைச்சுக்குவாங்கம்மா, கடவுள் இருக்காரு என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.

அவர் அனுப்புவதைக் கேட்டு நான் மதிய இடைவேளையில் தட்டச்சு செய்வேன். ஒரு சங்கடம் இருந்தது. கதைக்குப் பெயர் யோசித்தால் அவருக்கு வேகம் நின்றுவிடும். அதனால் பள்ளிக்கூடத்து ஆட்களின் நிஜப் பெயரிலேயே சொல்லிக்கொண்டு போவார். மகாமந்திரி என்றால் கலாவதி மேடம். கிழட்டு ராஜா என்றால் எங்கள் தாளாளர். ஒற்றர் தலைவன் தமிழ் சார், அவருக்கு மட்டும் பாவம் ஓணான் உடம்பு. முழுவதையும் அடித்து ஒரு ஃபைலில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் ஒவ்வொரு பெயரையும் கதைப் பெயராக மாற்றி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றிவிடுவது என் வேலை. அப்படி ஏறுகிற புது அத்தியாயத்தை வாசகர்கள் யூடி என்பார்கள், அப்டேட் என்பதன் சுருக்கம். அடுத்த யூடி எப்போ, ஏன் இன்னும் யூடி வரவில்லை என்று வாரம் முழுக்கக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிக் கெஞ்சியவர்களில் எங்கள் கலாவதி மேடமும் ஒருவர்.

சத்தியமாகச் சொல்கிறேன். மேடத்துக்கு அந்தக் கதை என்றால் உயிர். கோவிலம்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் காரில் போகும்போது, டிராஃபிக்கில் நிற்கிற நேரத்தில் படித்துவிடுவார். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமுக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் கதை சொல்வார். அந்த மகாமந்திரி, உடும்பாக மாறி அரசரின் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் அந்த மகாமந்திரி, அவள் ஒருத்திக்குத்தான் அந்த நாட்டில் மூளை இருக்கிறது என்பார். மிஸ் நோட்டுத் திருத்திக்கொண்டே, "அப்படியா மேடம்? எனக்கு இதெல்லாம் படிக்க எங்க மேடம் டைம்?" என்பார், அந்த மெலிந்த குரலில். எனக்குக் காது சிவந்துவிடும். ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகள் ரூத்துக்கு டைபாய்டு வந்து வீட்டில் தனியாகக் கிடந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் பகல் ஷிப்ட். மேடத்திடம் அரை நாள் லீவு கேட்டேன், அட்மிஷன் நேரம் முடியாது என்றுவிட்டார். பாத்ரூமில் போய் அழுதுகொண்டிருந்தேன். வெளியே வந்தால் ஹெட் கிளார்க், மேடமே இன்டர்காமில் கூப்பிட்டு ஷீபாவை அனுப்பிடுங்க என்று சொன்னதாகச் சொன்னார். மேடம் அந்த நேரத்தில் மாடியில் பரீட்சை ஹாலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் குரலில் பேசியது யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மிஸ்ஸைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஆனால் ரயிலில் போகும்போது இன்னொரு யோசனையும் வந்தது. இந்த மனுஷி நினைத்தால் யார் குரலிலும் யாருக்கும் எதையும் சொல்லிவிடலாமே என்று.

அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. அந்த வருஷம் குடியரசு தின விழாவில் தாளாளர் கொடியேற்றினார். கீழே இறங்கியதும் பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். நாங்கள் மிட்டாய் வாங்குகிற மும்முரத்தில் இருந்தோம். மிஸ் மட்டும் அதைப் பார்த்தார். அவருக்கு யாரையும் அடையாளம் தெரியலை ஷீபா, மேடம் பேரே தெரியலை என்றார். பிறகு மூன்று மாத சர்க்குலர்களை என்னை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். கொடிக் கயிற்றைப் பிடிக்கவே நடுங்கிய கை, எல்லாத் தாளிலும் அச்சடித்த மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தது. சம்பள உயர்வை நிறுத்தியதும், இரண்டு பழைய ஆசிரியர்களை அனுப்பியதும் அந்தக் கையெழுத்தில்தான்.

அடுத்த அத்தியாயத்தில் ராஜாவுக்கு ஞாபகம் போய்விட்டது. தன் ஏழு உடலில் எது தன் உடல் என்று தெரியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுகிறார். மகாமந்திரி கதவைச் சாத்திவிட்டு அவருடைய உருவத்துக்கு மாறி, ஓலையில் முத்திரை குத்துகிறாள். வேண்டாம் மிஸ், இது நிஜம் மாதிரியே இருக்கிறது என்று சொன்னேன். நிஜமாக இருப்பதால்தான் எழுதுகிறேன் என்றார். பேர்தான் மாத்தப்போறியே, அப்புறம் என்ன என்றும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பெயர்களை மாற்றி முடித்தேன். இரண்டு ஃபைலும் திரையில் திறந்திருந்தன. அந்த நேரம் பார்த்து மேடம் இன்டர்காமில், பத்தாம் வகுப்பு பெயர்ப் பட்டியலைக் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போவதற்கு முன் ஏற்றிவிட்டுப் போய்விடலாம் என்ற அவசரம். ஏற்றினேன். பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பெருங்களத்தூரில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "ஷீபா, எந்த ஃபைல ஏத்துன?" என்று மிஸ் கேட்டார். அந்தக் குரல் எந்த மிஸ்ஸுடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன் நான் கேட்டதில்லை.

செயலியைத் திறந்து பார்த்தேன். கலாவதி மேடம் கதவைச் சாத்துகிறார். கலாவதி மேடம் தாளாளராக மாறிக் கையெழுத்துப் போடுகிறார். பள்ளிக்கூடத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் சொந்தப் பெயரோடு அரண்மனைக்குள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். இது என்ன புதுப் பெயர், புதுக் கதாபாத்திரமா என்று வாசகர்கள் கீழே கேட்டிருந்தார்கள். தக்காளிக் கூடையின் பக்கத்தில் நின்றுகொண்டே அதை நீக்கினேன். மேடத்தின் கார் அதற்குள் மேடவாக்கம் சிக்னலைத் தாண்டியிருக்கும், அவர் படித்தும் முடித்திருப்பார்.

சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு குட்மார்னிங்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன், ரூத்துதான் திருப்பிக் கொடுத்தாள்.  அவள் பத்தாம் வகுப்பு, அதே பள்ளியில்தான். பொதுத்தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. என்னை வெளியே அனுப்பினால் இவளை என்ன செய்வார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. மிஸ்ஸிடமிருந்து ஒரே ஒரு செய்திதான் வந்தது. திங்கட்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி வா என்று.

திங்கட்கிழமை மேடம் முதலில் தமிழ் சாரைக் கூப்பிட்டார். கதை என்றால் தமிழ் வாத்தியார்தான் எழுதியிருக்க வேண்டும் என்ற கணக்கு. பாவம், அவர் வெளியே வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்து இன்னும் இரண்டு பேர். பிறகு மிஸ்ஸையும் என்னையும் வரச் சொன்னார்கள். வெளியே இருந்த பெஞ்சில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். என்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். போனில் எடுத்துவைத்திருந்த பக்கங்களைக் காட்டினார்.

"டைப் பண்ணது நீதான்னு தெரியும். எழுதினது நீ இல்லன்னும் தெரியும். உனக்கு அவ்வளவு வராது" என்றார். மேஜையில் நான் கொடுத்த பத்தாம் வகுப்புப் பட்டியல் இருந்தது. அதில் ஒரு பெயர் மேல் விரலை வைத்தார். "ரூத்துக்கு இன்னும் ஹால் டிக்கெட் குடுக்கல இல்ல? யாரு ஷீபா?"

நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். சுவரில் இருந்த தாளாளரின் படத்தைப் பார்த்தேன்.  பிறகு மிஸ்ஸின் பெயரைச் சொன்னேன்.

நான் வெளியே வந்தபோது மிஸ் எழுந்து நின்றிருந்தார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உள்ளே போனார். எந்த முகத்தோடு போனார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சொந்தக் காரணங்களுக்காக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பையை எடுத்துக்கொண்டு என் மேஜையைத் தாண்டிப் போகும்போது நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். பிரிண்டர்ல எழுத்து மங்கலா வருது, மை மாத்தச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழாம் வகுப்பு பி பிரிவில் அன்றைக்கு முழுக்க ஒரே கூச்சல். யாரும் போய் அடக்கவில்லை.

என் வேலை போகவில்லை. ரூத் தேர்வு எழுதினாள், நல்ல மார்க். அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்த தாளாளரின் மகள் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, எல்லாக் கோப்புகளையும் எடுத்து வைக்கச் சொன்னார். கலாவதி மேடம் உடம்பு சரியில்லை என்று போனவர் திரும்பி வரவே இல்லை. மிஸ் எழுதியது அத்தனையும் உண்மை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேசிக்கொண்டது. எனக்கு யாரோடும் சேர்ந்து பேச முடியவில்லை.

ஏழுடல் நாடு நிற்கவில்லை. யாரை வைத்துத் தட்டச்சு செய்தாரோ, வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தது. நானும் தவறாமல் படித்தேன்.  இன்றைக்கு நான் வருவேன், எஜமானியைக் காட்டிக்கொடுக்கும் தாதியாக வருவேன், பல்லியாகவோ கரப்பானாகவோ வருவேன் என்று எதிர்பார்ப்பேன். புதுப் பணிப்பெண் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பேன். வாட்ச்மேன் வந்தார், ஹெட் கிளார்க் வந்தார், கேன்டீன்காரர்கூட ஆமையாக வந்தார். கதை முடிந்தே போய்விட்டது. நான் வரவில்லை.

போன பொங்கலுக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் கரும்பும் பெட்டியுமாகக் கூட்டம். திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். ரூத் என்ன படிக்கிறாள், வீட்டுக்காரருக்கு இன்னும் அதே ஷிப்ட்தானா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை. அந்த இரைச்சலிலேயே சொல்லிவிட்டேன்.

"மிஸ், உங்க பேரச் சொன்னது நான்தான்."

"தெரியும் ஷீபா. கதவு சாத்தலையே, வெளியதான உக்காந்திருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையை விடவில்லை.

"நானே உள்ள வந்து சொல்லிடலாம்னு எழுந்துட்டேன். பையக்கூட தோள்ல மாட்டிட்டேன். அதுக்குள்ள நீ சொல்லிட்ட" என்றார்.

கோபமில்லாமல், வருத்தமில்லாமல், மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டியடித்து ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினார்.

அது நிஜமா, இல்லை அந்த நிமிஷத்தில் எனக்காகவே கட்டிய கதையா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வலிக்கிறது. இன்டர்காமில் மேடம் குரலில் பேசியவருக்கு இதுவா கஷ்டம்? ஆனால் நான் வெளியே வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார், அதை நான் பார்த்தேன். அடுத்துத் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எழுந்தாரா, தானே போவதற்காக எழுந்தாரா? நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் மேலே எழுதியதில் ஓர் இடத்தைத் திருத்தியாக வேண்டும். மேடம் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறேன். நிற்கவில்லை. படத்தையும் பார்க்கவில்லை. யாரு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.